82,000 கிலோமீட்டர் ஓடிய ஸ்கோடா சூப்பர்ப்: தினசரி ஓட்டத்தில் பதினான்கு மாதங்கள்

நான் வாங்காமல் விட்ட காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு பதிவான ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டி.எஸ்.ஐ. என்னும் டர்போ பெட்ரோல் வண்டி, தானியங்கி கியர், வெள்ளை நிறம், ஓடியது வெறும் 38,000 கிலோமீட்டர். விற்பனையாளர் "டாக்டர் ஓட்டிய வண்டி சார், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை" என்றார். சென்னையில் விற்பனைக்கு நிற்கும் பழைய கார்களில் பாதியை டாக்டர்களே ஓட்டியிருக்கிறார்கள் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உடன் வந்த மெக்கானிக், இந்த முறை அது உண்மையாக இருந்துவிட்டால்தான் சிக்கல் என்றார். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் வண்டியைப் பின்னோக்கி மெதுவாக ஏற்றச் சொன்னார். சரிவின் நடுவில் வண்டி நடுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மட்டுமல்ல, கதவின் குழிவில் நான் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலும் அதிர்ந்தது. அவர் ஒன்றும் பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

இரண்டு வாரம் கழித்து நான் வாங்கியது 82,400 கிலோமீட்டர் ஓடிய இன்னொரு சூப்பர்ப். அதே ஆண்டு, அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ். ஈரோட்டில் ஜவுளித் தொழில் செய்யும் ஒருவர் மாதம் மூன்று முறையாவது சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓட்டிப் போய்வந்த வண்டி. அதே சரிவில் அதே மாதிரி ஏற்றிப் பார்த்தபோது பாட்டிலில் இருந்த தண்ணீர்கூட அசையவில்லை. கேட்ட விலை 14 லட்சத்து 25 ஆயிரம். 13 லட்சத்து 40 ஆயிரத்துக்கு முடிந்தது. அது 2024 செப்டம்பர். இப்போது ஓடோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. குறைவாக ஓடிய கார்தான் நல்ல கார் என்ற நம்பிக்கை இந்த வகை வண்டிகளுக்குப் பொருந்தாது என்பதை இந்தப் பதினான்கு மாத அனுபவத்துடன் சேர்த்து எழுதுவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

காரணம் கியர்பாக்ஸில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை சூப்பர்ப் இந்தியாவுக்கு 2016 பிப்ரவரியில் வந்தது. அதில் இருந்த 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் 180 குதிரைத்திறன் தருவது. கையால் கியர் மாற்றும் வண்டியில் இதே என்ஜினின் முறுக்குவிசை 320 நியூட்டன் மீட்டர். தானியங்கி வண்டியில் 250 மட்டுமே. என்ஜினுக்கு வலு இல்லாததால் அல்ல, அதனுடன் இணைக்கப்பட்ட டி.கியூ.200 என்னும் ஏழு வேக டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய எல்லை 250 என்பதால்தான் இந்தக் குறைப்பு. இதில் இரண்டு கிளட்ச்சுகள் உண்டு. ஒன்று 1, 3, 5, 7 ஆகிய கியர்களையும் மற்றொன்று 2, 4, 6 ஆகியவற்றையும் ரிவர்ஸையும் கவனித்துக்கொள்கின்றன. இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச்சுகள். நெடுஞ்சாலையில் ஏழாவது கியரில் மூன்று மணி நேரம் ஓடும்போது கிளட்ச்சுக்கு வேலையே இல்லை. கத்திப்பாரா மேம்பாலத்தின் அடியில் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போதோ முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே அது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அரைகுறை நகர்விலும் கிளட்ச் வழுக்கிச் சூடேறும், சூடேறித் தேயும். அந்தச் சரிவில் கண்ட நடுக்கம் இப்படித் தேய்ந்த கிளட்ச்சின் அடையாளம். சென்னை நகருக்குள் 38,000 கிலோமீட்டர் என்பதும் ஈரோட்டிலிருந்து வந்துபோன 82,000 கிலோமீட்டர் என்பதும் கிளட்ச்சின் கணக்கில் தலைகீழாகிவிடுகின்றன.

டர்போவுக்கும் இதே கணக்குதான். என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சுழலியைத் தாங்கி நிற்பது என்ஜின் ஆயில். இரண்டு கிலோமீட்டர் ஓடி, ஆயில் முழுச் சூட்டை எட்டும் முன்பே அணைக்கப்பட்டு, மறுபடி மாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஆயில் சீக்கிரம் கெடும். ஆனால் கிலோமீட்டர் குறைவாக இருப்பதால் ஆயில் மாற்றும் நினைப்பு அந்த உரிமையாளருக்கு வருவதும் குறைவு. நான் நிராகரித்த வண்டியின் சர்வீஸ் சீட்டுகளில் இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையே 26 மாத இடைவெளி ஒன்று இருந்தது. வாங்கிய வண்டியின் சீட்டுகளில் எந்த இடைவெளியும் ஓர் ஆண்டைத் தாண்டவில்லை.

வாங்குவதற்கு முன் செய்த சோதனையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தகைய காரில் பணம் மிஞ்சுவதும் போவதும் அந்த அரை நாளில்தான். காலை ஆறரை மணிக்கே வருவதாகச் சொல்லி, யாரும் வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்துவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். போனவுடன் மெக்கானிக் செய்த முதல் வேலை, பானட்டின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தது, சில்லென்று இருந்தது. குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில்தான் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயினின் சலசலப்பு கேட்கும், சூடான பின் கேட்டுப் பயனில்லை. அடுத்து, காரின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பதிவானவற்றைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். பிழைக் குறிப்புகள் உள்ளனவா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது பொதுவான வழக்கம். அவர் பார்த்தது வேறு: பழைய பிழை எதுவும் பதிவாகியிருந்தால், அது எத்தனையாவது கிலோமீட்டரில் நேர்ந்தது என்பதும் கட்டுப்பாட்டுக் கருவியில் கூடவே பதிவாகியிருக்கும். மீட்டரில் 82,000 காட்டிக்கொண்டு, உள்ளே 1,10,000இல் நேர்ந்த பிழை உறங்கிக்கொண்டிருந்தால் மீட்டரை யாரோ பின்னுக்குத் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த வண்டியில் 61,000இல் பேட்டரி மின்னழுத்தம் குறைந்ததாக ஒரே ஒரு பழைய குறிப்பு; அதே மாதத்தில் பேட்டரி மாற்றிய ரசீதும் இருந்தது. அந்த ரசீதைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த வண்டியின்மீது நம்பிக்கை பிறந்தது.

பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி இன்னொரு கதை சொன்னது. நிறுவனத்திலிருந்து வந்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். எல்லா இடங்களிலும் அப்படியே இருந்தது, இடது பின் கதவில் மட்டும் 290. "ஒரு கீறல்கூட விழாத வண்டி" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த விற்பனையாளர், எண்ணைக் காட்டியதும் "சின்ன டச்சிங் சார்" என்றார். கதவின் கீல் திருகுகள் கழற்றப்படவில்லை, உள் விளிம்பில் கம்பெனி பசை அப்படியே இருந்தது. எனவே அது பெரிய மோதல் அல்ல என்று முடிவு செய்து, அதைக் காட்டியே 40,000 ரூபாய் குறைத்தோம். சென்னையில் வாங்குபவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தண்ணீரில் நின்ற வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், மூழ்கிய வண்டியில் அதன் அடிப்பகுதியில் சேற்றின் கோடு தெரியும். ஸ்டெப்னி டயர் இருக்கும் பள்ளத்தில் துருவும், தரைவிரிப்பை உயர்த்தினால் ஒரு வகை ஊறல் வாடையும் மிஞ்சும். வாசனைத் திரவியம் தாராளமாகத் தெளிக்கப்பட்ட கார் என்றால் எனக்கு இப்போதெல்லாம் உடனே சந்தேகம் வந்துவிடுகிறது.

பேப்பர் வேலையில்தான் மனவருத்தம். ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் பெயர் மாற்றம் 30 நாளில் கைக்கு வரும் என்று வாய்மொழியாக உறுதியளித்த விற்பனை நிலையம், படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கோப்பை ஓரமாக வைத்துவிட்டது. பழைய கடனுக்கான வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35உம் கோப்பில் இல்லை என்பது இரண்டாவது மாதத்தில்தான் தெரிந்தது. மூன்று மாதமும் சில நாட்களும் பிடித்தன. மொத்தத் தொகையையும் முதல் நாளே கொடுத்தது என் தவறு. ஒரு பகுதியைப் பெயர் மாறும் வரை நிறுத்திவைத்திருக்க வேண்டும். கர்நாடகப் பதிவெண் வண்டி ஒன்று ஒரு லட்சம் குறைவாகக் கிடைத்ததையும் பார்த்தேன். தடையில்லாச் சான்று பெற்று, இங்கே சாலை வரியும் கட்டி முடித்தால் அந்த ஒரு லட்சம் அப்படியே கரைந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். தாம்பரத்திலிருந்து பெருங்குடிக்கு நாள்தோறும் போய்வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் என் மனைவி ஓட்டுகிறார். 4.86 மீட்டர் நீளமுள்ள இந்த வண்டி, எங்கள் குடியிருப்பில் 5 மீட்டர் நீளமுள்ள நிறுத்துமிடத்தில் நின்றால் முன்னும் பின்னும் ஒரு சாண்கூட மிஞ்சாது. ரேடியல் சாலையில் காலை நெரிசலில் மற்றவர்கள் ஓட்டுவதுபோல் இதை ஓட்டக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. முன்வண்டி ஓர் அடி நகர்ந்தால் நாமும் ஓர் அடி நகர்வது என்ற பழக்கத்தை விட்டு, ஒரு வண்டி நீளத்துக்கு இடைவெளி விழும் வரை பிரேக்கில் நின்று, பிறகு கிளட்ச் முழுமையாகப் பிடிக்கும்படி நேராக நகர்த்த வேண்டும். பின்னால் வருபவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிப்பது பெரும் பாவம். மிக மோசமான நெரிசலில் கியரைக் கையால் தேர்வு செய்யும் முறைக்கு மாற்றி முதல் கியரிலேயே வைத்துவிடுகிறேன். இரண்டாவதற்குப் போய்த் திரும்பும் வேலையாவது மிச்சம்.

நெரிசல் விலகிவிட்டால் இந்தக் கார் முற்றிலும் வேறாகிவிடுகிறது. டர்போ 1,500 சுழற்சிக்கு அருகிலேயே விழித்துக்கொள்வதால், பெரிய கார் என்ற பாரமே தெரியாது. செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு லாரியை முந்த வேண்டுமென்றால் காலைச் சற்று அழுத்தினால் போதும், கியர் இரண்டு படி இறங்கி எந்தக் குலுக்கலும் இல்லாமல் வேகம் ஏறிவிடும். திருச்சிக்கு ஏறக்குறைய 320 கிலோமீட்டர். விக்கிரவாண்டியில் காபிக்கு நிறுத்தியதைத் தவிர ஒரே மூச்சில் போய் இறங்கியபோது, வழக்கமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும் என் அம்மா நேராக வீட்டுக்குள் நடந்து போனார். பின் இருக்கையில் கால் நீட்டும் இடத்துக்கு இந்தக் காரை மிஞ்ச, இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள ஜெர்மன் கார்களாலும் எளிதில் முடியாது. பின்னால் இருப்பவரே முன் இருக்கையை நகர்த்திக்கொள்ளும் பொத்தான் ஒன்று உண்டு. என் மகன் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து முன்னால் அமர்பவர்களுக்கு நிம்மதி இல்லை. டிக்கியின் கொள்ளளவு 625 லிட்டர். கண்ணாடியோடு சேர்ந்து முழுக் கதவும் மேலே திறப்பதால் ஒரு முறை வாஷிங் மெஷினைப் படுக்கவைத்தே கொண்டுவந்தோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. வேகத்தடைகளில் நால்வர் அமர்ந்திருந்தால் அடிப்பாகம் உரசும். எங்கள் தெருமுனையில் உள்ள ஒன்றைக் குறுக்காக ஏறித்தான் கடக்கிறேன். நகருக்குள் லிட்டருக்கு 8 முதல் 9 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 14 முதல் 15. நான் ஏழெட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 95 ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் அதற்கென உருவாக்கப்பட்டவை அல்ல. அதனால் எரிபொருள் குழாய்களின் ரப்பர் இணைப்புகளை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை கசிவு எதுவும் இல்லை.

செலவுக் கணக்கைப் பார்க்காமல் இந்த வண்டியைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. வாங்கிய வாரமே ஆயில், எல்லா ஃபில்டர்களும், ஸ்பார்க் பிளக்குகளும், பிரேக் ஆயிலும், கூலன்ட்டும் மாற்றியதற்கு 38,000 ரூபாய். நான்கு டயர்களிலும் ரப்பர் கனம் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த வாரமும் ஆண்டும் அவை ஆறு வயது கடந்தவை என்று காட்டின. 215/55 ஆர் 17 அளவில் புதியவை நான்குக்கு 46,000. முன்பக்க பிரேக் டிஸ்க்குகளும் பேட்களும் 29,000. இந்த என்ஜின் குடும்பத்தில் தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் அமர்ந்திருக்கும் பிளாஸ்டிக் கூடு காலப்போக்கில் கசியக்கூடியது என்பது பரவலாக அறியப்பட்டது என்பதால், கசியும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே 34,000 செலவில் மாற்றிவிட்டேன். பேட்டரி 14,000. நிறுவனம் சொல்வது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றம். நான் 7,500க்கு ஒரு முறை, ஃபோக்ஸ்வாகன் 502 00 தரச்சான்று உள்ள ஆயிலை மாற்றுகிறேன், ஒவ்வொரு முறையும் 11,000. அப்படி இரண்டு முறை ஆயிற்று. காப்பீடு 34,000, அதில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும், 1,500 சி.சி.க்கு மேற்பட்ட கார் என்பதால், 7,897 ரூபாயும் வரியும். தேய்மானம் கழிக்காத காப்பீட்டை இந்த வயதுள்ள காருக்குத் தர நான் கேட்ட இரண்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன. ஆக, பெட்ரோல் இல்லாமல் 2 லட்சத்து 17 ஆயிரம்; மாதத்துக்கு 15,500 ரூபாய். பெட்ரோல் செலவு தனியாக 1 லட்சத்து 90 ஆயிரத்தைத் தாண்டியது. முதல் ஆண்டின் செலவில் பெரும்பகுதி மறுபடி வராது என்றாலும், காரின் விலை பாதியாகிவிட்டதால் உதிரிபாகங்களின் விலையும் பாதியாகிவிடுவதில்லை.

இதற்கு அப்பால் கியர்பாக்ஸின் மெக்கட்ரானிக் என்னும் கட்டுப்பாட்டுப் பாகமோ கிளட்ச் தொகுதியோ கைவிட்டால் ஆகும் செலவு இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து விசாரித்தபோது இரண்டரை லட்சம் வரை சொன்னார்கள். அந்தத் தொகையைத் தனியாக எடுத்துவைக்க முடியாதவர் இந்தத் தானியங்கி சூப்பர்ப்பை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அவருக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. இடது காலுக்கு வேலை வைக்கத் தயங்காதவர்களுக்குக் கையால் கியர் மாற்றும் 1.8 டி.எஸ்.ஐ. இருக்கிறது, அது 320 நியூட்டன் மீட்டரையும் முழுமையாகத் தரும், இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் கவலையும் கிடையாது, சந்தையில் தேடுவோர் குறைவு என்பதால் விலையும் குறைவு. பணம் கூடுதலாக உள்ளவர்கள் 2020க்குப் பிந்தைய 2.0 டி.எஸ்.ஐ. மாதிரியைத் தேடலாம்: 190 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சுகள் கொண்ட வேறு டி.எஸ்.ஜி. நெரிசல் நகரத்துக்கு அதுவே ஏற்றது. ஆனால் 2023இல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது சூப்பர்ப் இந்தியாவில் நிறுத்தப்பட்டு, 2024இல் இறக்குமதி வண்டியாகத் திரும்பியபோது விலை 54 லட்சம் ஆகிவிட்டதால், நல்ல நிலையில் உள்ள 2020 மாதிரிகளை வைத்திருப்பவர்கள் எளிதில் விற்பதில்லை.

நான் கேட்ட கேள்விக்கு என் மெக்கானிக் இன்னும் நேரான பதில் தரவில்லை: இந்த கிளட்ச் எத்தனை நாள் தாங்கும்? ஆனால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஸ்கேனரை மாட்டி, இரு கிளட்ச்சுகளின் நிலையையும் காட்டும் எண்களைப் படித்து, என் சர்வீஸ் நோட்டில் தேதியோடு எழுதிக் கொடுக்கிறார். மூன்று வரிகள் ஆகியிருக்கின்றன. மூன்றுக்கும் இடையே பெரிய மாற்றம் இல்லை. அடுத்த வரி 1,05,000 கிலோமீட்டரில்.